இரண்டே இரண்டு ஹோஸ்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாரைச் சந்தித்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "முன் பிரேக் ஹோஸ் மாத்திட்டீங்களா?" என்பதுதான். எஞ்சின் எப்படி, கார்புரேட்டர் எப்படி, பெயிண்ட் ஒரிஜினலா என்பதெல்லாம் அப்புறம். என்னுடைய 1975 ஹோண்டா சிபி750-இல் ரப்பர் ஹோஸ் இரண்டையும் கழற்றிவிட்டு, எஃகுக் கம்பி வலை போர்த்திய புது ஹோஸ் மாட்டியதிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. அந்த வண்டிக்கு நான் செலவழித்த பணத்திலும் நேரத்திலும் இவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுத்த வேலை வேறொன்று கிடையாது. சீட் தைத்ததும் சைலன்சருக்கு குரோம் பூசியதும் கண்ணுக்கு அழகு. இது கைக்கு அழகு. லிவரைத் தொட்ட விரலுக்கு மட்டுமே தெரியும் அழகு.

இந்த வண்டியின் முன் பிரேக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் ஹோண்டா இதைக் காட்சிக்கு வைத்தபோது உலகம் வாய்பிளந்து பார்த்தது. ஃபிரேமுக்குக் குறுக்கே வரிசையாக நான்கு சிலிண்டர்கள், 736 சிசி, 67 குதிரைத்திறன், பட்டனை அழுத்தினால் கிளம்பும் எஞ்சின். 1969-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 1,495 டாலர். பெரிய வண்டி என்றால் உதைத்து உதைத்துக் கிளப்ப வேண்டும், நின்ற இடத்தில் ஆயில் சொட்டும் என்று பழகியிருந்தவர்களுக்கு இது வேறு யுகத்து வண்டி. ஆனால் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாமலே ஏறத்தாழ 218 கிலோ. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும் வேகம். இதை நிறுத்த வேண்டுமே!

திட்டத்துக்குத் தலைமை தாங்கிய யோஷிரோ ஹராதாவின் குழு இரண்டு பிரேக்குகளைக் கையில் வைத்திருந்தது. ஒன்று எல்லோரும் பழகிய டிரம். மற்றது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஹைட்ராலிக் டிஸ்க். எதைப் போடலாம் என்று சோய்ச்சிரோ ஹோண்டாவிடம் போய்க் கேட்டார்கள். டிஸ்க்தான் என்று அவர் தயங்காமல் முடிவு சொன்னதை ஹோண்டா நிறுவனம் தன் வரலாற்றில் பெருமையோடு சொல்கிறது. அதற்கு முன்பும் டிஸ்க் பிரேக்கோடு ஒன்றிரண்டு வண்டிகள் இருந்தன. ஆனால் பெரும் எண்ணிக்கையில் தயாராகி, சாதாரண மனிதன் கடைக்குப் போய் வாங்கிவரக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளில் ஹைட்ராலிக் முன் டிஸ்க் வந்தது இதில்தான். 1970 மார்ச்சில் டேடோனா 200 பந்தயத்தில் டிக் மேன் இந்த நான்கு சிலிண்டர் ஹோண்டாவின் பந்தய வடிவத்தில் வென்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? 1978 வரை இந்த வரிசை வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது.

இப்படிப்பட்ட பிரேக்கைப் பற்றி இன்று பழைய வண்டிக்காரர்களிடம் கேட்டால் நல்ல வார்த்தை சுலபத்தில் வராது. லிவர் மெத்தென்று இருக்கும், இழுத்தால் கைப்பிடி வரைக்கும் வரும், ஒற்றை டிஸ்க் எந்த மூலைக்கு என்பார்கள். வலது பக்கம் இன்னொரு டிஸ்க் போடு, இக்காலத்துக் காலிப்பர் போடு, புது வண்டியின் ஃபோர்க்கை அப்படியே எடுத்து மாட்டிவிடு என்று ஆளுக்கொரு யோசனை. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. 296 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த டிஸ்க் நல்ல டிஸ்க். ஒரே பிஸ்டன் உள்ள அந்தக் காலிப்பரும் ஒழுங்காகப் பராமரித்தால் நல்ல காலிப்பர்தான். கெட்ட பெயரை வாங்கிக்கொண்டவை அவை இரண்டும். வேலையைக் கெடுத்தது நடுவில் இருந்த கிழட்டு ரப்பர்.

நான் வண்டி பழகியது திருச்சியில், அப்பாவின் புல்லட்டில். திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டி. கேபிள் இழுக்க, டிரம்முக்குள் ஷூ விரியும் பிரேக். நான்கு விரலும் போட்டு இழுத்து, கூடவே பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, பாலக்கரை முனை வருவதற்குள் மனதையும் தயார் செய்துகொள்ள வேண்டும். அப்பா பின்னால் உட்கார்ந்து சொல்வார், "முன் பிரேக்கை நம்பாதடா, முன்னாடி ரோட்டைப் பாரு." அருமையான பாடம். இன்றும் அதை விடவில்லை. ஆனால் அப்படி வளர்ந்தவனுக்கு, முன் பிரேக்கை நம்பலாம் என்ற நிலை வந்தபோது உண்டான ஆனந்தம் இருக்கிறதே, அதை எழுதத்தான் இவ்வளவு பீடிகை.

லிவரைப் பிடித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஹேண்டில்பாரில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதன் உள்விட்டம் 14 மில்லிமீட்டர். லிவர் அதற்குள் இருக்கும் சின்ன பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் வெளியே போகும் பிரேக் ஆயில் சுமார் 0.15 மில்லிலிட்டர். மருந்து ஊற்றும் ஃபில்லரில் நான்கைந்து சொட்டுகூட வராது! அந்தச் சொட்டுகளை நம்பித்தான் முழு வண்டியும் நிற்கிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த விதிதான் இங்கே ஆள்கிறது. அந்த அழுத்தம் காலிப்பரின் பெரிய பிஸ்டனில் விழும்போது விரலின் பலம் பல மடங்காகிறது. அது பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது.

சிபி750-இல் இந்த ஆயில் போகும் பாதை கொஞ்சம் சுற்று வழி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கீழே இறங்கி, ஹெட்லைட்டுக்கு அடியில் இருக்கும் மூன்று வழி ஜாயிண்டுக்கு வரும். பின்னால் ஸ்டாப் லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச் அந்த ஜாயிண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டாவது ரப்பர் ஹோஸ். அதன் கீழ்முனையில் ஒரு இரும்புக் குழாய். அந்தக் குழாய்தான் இடது ஃபோர்க் காலில் இருக்கும் காலிப்பருக்குள் ஆயிலைக் கொண்டுபோகிறது. இரும்புக் குழாய் விரியாது. ஜாயிண்ட் விரியாது. விரிவதெல்லாம் அந்த இரண்டு ரப்பர்தான்.

புது ரப்பர் ஹோஸும் அழுத்தத்தில் சிறிது விரியும். அமெரிக்காவின் பிரேக் ஹோஸ் பாதுகாப்பு விதி எண் 106, குறிப்பிட்ட அழுத்தத்தில் ஹோஸ் எவ்வளவு விரியலாம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. அதாவது விரிவு என்பது எல்லோரும் அறிந்து, அளந்து, ஏற்றுக்கொண்ட விஷயம். ஆனால் அது புது ஹோஸுக்கு. ஐம்பது வருஷ ரப்பர் வெளியே வெடித்து, உள்ளே உப்பி, தன் இஷ்டத்துக்கு விரியும். அந்த 0.15 மில்லி கணக்கை நினைத்துப் பாருங்கள். ஹோஸ் விழுங்கும் ஒவ்வொரு சொட்டும் காலிப்பருக்குப் போகாத சொட்டு. அதை ஈடுகட்ட லிவர் இன்னும் இறங்க வேண்டும். விரல் சொல்வது ஒன்று, பேடுக்குக் கேட்பது வேறொன்று. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. உள்சுவர் உப்பிப் பாதை குறுகிவிட்டால், கையின் பலத்தில் ஆயில் போய்விடும், ஆனால் லிவரை விட்டதும் திரும்பி வர முடியாது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும். காலிப்பர் மாட்டிக்கொண்டது என்று அதைப் பிரித்துப் போடுவார்கள். காலிப்பர் பாவம்.

மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் ஜப்பானியக் கையேடுகள் உண்டு. எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? பேட் தேய்ந்தால் சத்தம் வரும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஹோஸ் மட்டும் கறுப்பாக, அமைதியாக, நன்றாக இருப்பதாகவே தோன்றும். என் வண்டியில் இருந்தது ஆலையில் மாட்டிய அதே ஜோடி. வெளிப்புறம் துடைத்தால் பளபளக்கும். வளைவைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள்.

இனி புது ஹோஸ். இதைப் பற்றி எழுதும்போதே எனக்கு உற்சாகம் பீறிடுகிறது. உள்ளே ஒரு மெல்லிய டெஃப்லான் குழாய். 1938-இல் நியூஜெர்சியில் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் வேறெதையோ தேடும்போது அகப்பட்ட, நம் வீட்டு தோசைக்கல்லின் மேல் பூசியிருக்கும் அதே டெஃப்லான்தான். பிரேக் ஆயில் அதை ஒன்றும் செய்யாது. அது ஊறாது, உப்பாது, நாள்பட்டாலும் ரப்பர் போல இளகாது. தனியாக அதனால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. அதனால் அதன் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிப் பின்னியிருக்கிறார்கள். விரிய நினைத்தாலும் வலை விடாது. உள்துவாரம் 3 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் தேறிய சரக்கு. கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் ஒல்லியைக் கண்டு அசந்துபோனேன். பழைய ரப்பரில் பாதிப் பருமன்கூட இல்லை.

ஹோஸ் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கட்சி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பர் வரை ஒரே நீளமாக ஓடவிட்டு, நடுவில் இருக்கும் ஜாயிண்ட், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் தூக்கிப்போடுவது ஒரு கட்சி. பார்க்கச் சுத்தமாக இருக்கும், கசிவதற்கான இடங்களும் குறையும். ஹோஸின் முனையைப் பிடித்து முடுக்கும் பாஞ்சோ போல்ட், ஸ்டாப் லைட் சுவிட்ச் உள்ளேயே பொதிந்ததாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம். நான் மற்றக் கட்சி. ஹோண்டா போட்ட ஜாயிண்ட் அங்கேயே இருக்கட்டும், இரும்புக் குழாயும் இருக்கட்டும், ரப்பர் இருந்த இரண்டு இடத்தில் மட்டும் புதுசு வரட்டும். விரியாத ஒன்றை எதற்குக் கழற்ற வேண்டும்? அதோடு, அந்தக் காலத்தில் ஒரு பொறியாளர் வரைபடத்தில் போட்ட வளைவு அந்தக் குழாயில் இருக்கிறது. ஃபோர்க் காலை ஒட்டி அது இறங்கும் அழகைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிப்போட மனம் வராது. ஹோஸின் மேல் உறை கறுப்பிலும் கிடைக்கிறது. நான் கறுப்புதான் வாங்கினேன். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ஆலையிலிருந்து வந்தபடியே தெரிகிறது.

உறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறையில்லாத எஃகு வலை ஒரு அரம். ஃபோர்க் மேலேயோ டாங்க் மேலேயோ உரசினால் பெயிண்டைத் தாண்டி உலோகத்தையே அறுத்துவிடும். உறை போட்டதாக வாங்குங்கள், போதுமான இடத்தில் கிளிப் போடுங்கள்.

நீளம்தான் முக்கியம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுவதும் நீண்டு தொங்கும் நிலையில், ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி அளந்தேன். எந்த மூலையிலும் ஹோஸ் விறைக்கவும் கூடாது, மடங்கவும் கூடாது. ரப்பர் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், இது கொடுக்காது. ஹேண்டில்பாரை உயரமானதாக யாராவது மாற்றியிருந்தால் கையேட்டில் இருக்கும் அளவு உதவாது.

வேலைக்கு வருவோம். முதலில் டாங்க்மேல் பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகப் போர்த்தினேன், அதன்மேல் பிளாஸ்டிக். பிரேக் ஆயில் பெயிண்டின் பரம வைரி. அந்த ஆப்ரிகாட் சிவப்பின் மேல் ஒரு துளி விழுந்தாலும் கொப்புளித்துக்கொண்டு உரிந்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் துணியும். பழைய ஆயிலை வடித்தபோது அது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிதாகத் திறந்த டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், லிவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. ஹோஸ் மாற்றும்போது ஆயிலும் புதுசாகிறது என்பது இந்த வேலையின் இலவச இணைப்பு.

பழைய பாஞ்சோ போல்ட்டை விடுவிப்பதற்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். சரியான அளவு ரிங் ஸ்பானர், பொறுமை. டொக்கென்று விட்டுக்கொடுத்த அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கே அரை நாள் சந்தோஷப்படலாம். கழற்றின ரப்பரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்சுவர் கொழகொழவென்று இளகி, துவாரம் ஒரு இடத்தில் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதன் வழியாகவா நான் இவ்வளவு காலம் நின்றேன்!

கையோடு மாஸ்டர் சிலிண்டரையும் காலிப்பரையும் பிரித்துச் சுத்தம் செய்து, சீல்களை மாற்றிவிட்டேன். காலிப்பரில் சீல் உட்காரும் பள்ளத்துக்குள் வெள்ளைப் பொடியாக அரிப்பு சேர்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் புது சீலும் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை ஒன்று, கண்ணுக்கே தெரியாத அளவு. அது அடைத்திருந்தால் ஹோஸ் மாற்றியும் பிரேக் விடாது. மெல்லிய கிடார் கம்பி ஒன்றால் அதைத் திறந்தேன். இந்தக் காலிப்பர் ஒரு கீலில் ஆடும் கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம்தான் பிஸ்டன் என்பதால் மறுபக்கத்துப் பேடும் டிஸ்க்கைத் தொட வேண்டுமானால் அந்தக் கை தாராளமாக ஆட வேண்டும். கீலைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ்.

புது ஹோஸை மாட்டுவது இதற்கெல்லாம் பிறகு சில நிமிஷ வேலைதான். ஒவ்வொரு பாஞ்சோவுக்கும் மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். செம்பு வாஷர் அமுங்கி உட்கார்ந்துதான் கசிவை அடைக்கிறது. டார்க் ரெஞ்சில் அளவாக முடுக்கினேன். பாஞ்சோவின் தலை மாஸ்டர் சிலிண்டரில் திரும்பிய கோணத்தை மட்டும் மறுபடி மறுபடி பார்த்துச் சரிசெய்தேன். ஹோஸ் இயல்பாக விழ வேண்டும், முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

அப்புறம் ஏர் எடுப்பது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் கேட்பார்களே, "ஏர் எடுத்தாச்சா?" என்று, அதேதான். காலிப்பர் நிப்பிளில் உள்ளே போவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சொருகி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் முக்கினேன். மகள் லிவரிடம் உட்கார்ந்தாள். "பிடிம்மா." "பிடிச்சிட்டேன்ப்பா." நிப்பிளைத் திறந்து மூடினேன். "இப்ப விடு." முதலில் காற்றுதான் வந்தது. குமிழ் குமிழாக. பிறகு குமிழும் ஆயிலும் கலந்து. இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் மேலிருந்து காற்று புகுந்துவிடும். சுற்று வழிப் பாதை அல்லவா, ஜாயிண்டில் கொஞ்சம் காற்று ஒளிந்துகொண்டது. அதை விரலால் தட்டித் தட்டி மேலே அனுப்பினோம். கடைசியில் குழாயில் தெளிந்த ஆயில் மட்டும் வந்தது. நிப்பிளை முடுக்கினேன். மகள் மறுபடி லிவரைப் பிடித்தாள். அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "அப்பா, கல்லு மாதிரி இருக்குப்பா! உள்ளயே போகல."

நானும் பிடித்துப் பார்த்தேன். முன்பு லிவர் பாதி வழிக்கு மேல் வந்த பிறகே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரியும். இப்போது தொட்ட மாத்திரத்திலேயே பேட் டிஸ்க்கில் உட்கார்வது விரலுக்கே தெரிந்தது. இரவு முழுக்க லிவரை ஒரு கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். மிச்சம் மீதி நுண்குமிழ்கள் மேலே ஏறிப் போய்விடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். காலையில் ஒவ்வொரு மூட்டையும் காகிதத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை.

முதலில் இங்கே கலிபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி மூட்டுகளைப் பார்த்து, மறுபடி ஓட்டி. எல்லாம் சரி என்று திருப்தியானதும் பேஜ் மில் சாலை வழியே மலையேறினேன். ஸ்கைலைன் சாலையில் வடக்கே திரும்பி, ரெட்வுட் மரங்களின் நடுவே 84-ஆம் எண் சாலை சந்திப்பு வரைக்கும். ஞாயிறு காலைகளில் இந்தப் பகுதியின் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் கூடும் ஆலிஸ் ரெஸ்டாரண்ட் அங்கேதான் இருக்கிறது. அன்று அங்கே நிறுத்தி ஒரு காப்பிகூடக் குடிக்கவில்லை. நேரே மேற்கே, லா ஹோண்டா ஊரை நோக்கி இறங்கும் வளைவுகளுக்குப் போய்விட்டேன்.

அந்த இறக்கத்தில்தான் இந்த வண்டி எனக்கு முழுசாகக் கிடைத்தது என்று சொல்வேன். வளைவுக்கு முன் இரண்டு விரல் போதும். லேசாகத் தொட்டால் லேசாகக் குறைகிறது, இன்னும் கொஞ்சம் கேட்டால் இன்னும் கொஞ்சம் தருகிறது. ஃபோர்க் அளவாக அமுங்கி, முன் டயர் சாலையில் பதிகிறது. அதைவிட இன்பம், விடுவதில். பழைய ஹோஸில் விடுவது என்றால் விடுவதுதான், நடுவில் எதுவும் இல்லை. இப்போது வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை இழை இழையாகத் தளர்த்திக்கொண்டே வண்டியைச் சாய்க்க முடிகிறது. விரல் எவ்வளவு விடுகிறதோ பேட் அவ்வளவே விடுகிறது. டிஸ்க்கின் மேல் பேட் உரசுவதன் நெளிவுசுளிவெல்லாம் லிவர் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. இத்தனை செய்தி இந்த வண்டிக்குள் இருந்ததா என்று வாய்விட்டுச் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள். ஒரு திருப்பத்தில் சாலையோரப் புதரிலிருந்து மான் ஒன்று எட்டிப் பார்த்தது. அழுத்திப் பிடித்தேன். டயர் முனகியது, வண்டி நேராக, அடக்கமாக, நான் நினைத்த இடத்துக்கு முன்பே நின்றது. மான் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து போனது.

சான் கிரிகோரியோவில் கடலைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். உடனே திரும்பினேன். அதே வளைவுகளை மறுபடி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மிகைப்படுத்திச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஹோஸ் மாற்றினால் பிரேக்கின் உச்ச பலம் கூடிவிடாது. பாஸ்கலின் விதிப்படி, அதே விரல் பலத்துக்கு அதே அழுத்தம்தான் காலிப்பரில் கிடைக்கும். மாறுவது வழியில் வீணாகிற லிவரின் தூரமும், அந்தத் தூரம் தின்ற நேரமும், விரலுக்குக் கிடைக்கும் தெளிவும். இது சின்ன விஷயமில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் வண்டி 2.7 மீட்டர் போய்விடுகிறது. அது ஒரு காரின் பாதி நீளத்துக்கும் மேல். அப்புறம் மழை. அந்தக் காலத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிஸ்க் நனைந்தால் முதல் கணம் பிடிக்கத் தயங்கும். அதற்கு மருந்து நல்ல பேட்தான், ஹோஸ் அல்ல. ஆனாலும் ஈரத்தில் பேட் எப்போது கவ்வத் தொடங்குகிறது என்பதைக்கூட இப்போது விரல் உணர்கிறது. அந்தத் தகவல் ஒன்றே எனக்குப் பெரிய தைரியம்.

இங்கே பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் சேலத்துக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடமும் அதே காலத்து ஹோண்டா. முன் ஃபோர்க்கையே மாற்றத் திட்டம் போட்டிருந்தார். என் வண்டியைக் கொடுத்து, ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவர் இறங்கவில்லை. லிவரைப் பிடித்தும் விட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணா, இது அதே காலிப்பர்தானா?" என்றார். அதே காலிப்பர், அதே டிஸ்க், அதே மாஸ்டர் சிலிண்டர். அவரும் ஃபோர்க் யோசனையை விட்டுவிட்டு ஹோஸுக்கு ஆர்டர் போட்டார். ஒரு ஜோடி நல்ல டயர் வாங்கும் காசில் பாதிகூட ஆகவில்லை அவருக்கும்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இதைப் படிப்பவர்களுக்கு, இது அமெரிக்காவில் இருப்பவனின் ஆசை விளையாட்டு என்று தோன்ற வேண்டாம். 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டும், 2001-இல் வந்த முதல் பல்சர்களும் உங்கள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன் டிஸ்க் உள்ள அந்த வண்டிகளுக்கும் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவற்றில் எத்தனையோ வண்டிகளில் ஆலை மாட்டிய ரப்பர் ஹோஸ் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். இன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஹோஸின் வளைவை விரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிகிறதா என்று. ஒருவர் லிவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், கையில் உப்புகிறதா என்று. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்து விட்ட பிறகு சக்கரம் தாராளமாகச் சுழல்கிறதா பாருங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் மாற்றிவிடுங்கள். தரச்சான்று அச்சடித்த ஹோஸாக, உங்கள் வண்டிக்கு அளந்து செய்ததாக வாங்குங்கள். கூடவே மூடி திறக்காத டாட் 3 அல்லது டாட் 4 ஆயில், எது உங்கள் வண்டியின் டப்பா மூடியில் எழுதியிருக்கிறதோ அது. பிரேக் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் நம்பகமான மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். செம்பு வாஷரைப் புதுசாகவே போடச் சொல்லுங்கள், பழசைத் திருப்பிப் போட விடாதீர்கள்.